கோபத்தைப் பேரேட்டில் ஏற்றுங்கள்: பெண்களின் கோபம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டைப் பக்கம் அறிவொளி வகுப்பில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க நான் போனது 1991-இல். அன்றிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலையாகிவிட்டது. படிப்பு பற்றிக் கேட்க வருகிறவர்கள், எழுந்து போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கோபத்தைப் பற்றிக் கேட்பார்கள். திண்ணையிலும் பஸ் நிறுத்தத்திலும் கோவில் வாசலிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

கோபம் பாவம், அடக்கிக்கொள் என்றுதானே சொல்லி வளர்த்தார்கள்? வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?

வள்ளுவர் சொன்னதை முழுதாகப் படிக்க வேண்டும். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவனே உண்மையில் அடக்குபவன் என்கிறார். செல்லுபடியாகும் இடம் என்றால் நம்மைவிட எளியவர்கள் இருக்கும் இடம். அந்த அறிவுரை முதலில் போக வேண்டியது கையில் அதிகாரம் வைத்திருப்பவருக்கு. நம் வீடுகளில் அதை மருமகளுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் மட்டும் சொல்லி வைத்தார்கள்.

அடுத்த குறளில், செல்லாத இடத்தில் காட்டும் கோபம் தீது என்கிறார். அதுவும் உண்மைதான். தனியாக, கையில் எந்த ஆதாரமும் இல்லாமல், வலியவன் முன்னால் போய்க் கத்தினால் அடி நமக்குத்தான் விழும். செல்லாத இடத்தைச் செல்லுபடியாகும் இடமாக மாற்ற என்ன செய்யலாம் என்பதையே இந்த முப்பது வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கீழே வரும் பதில்களெல்லாம் அதைப் பற்றியவைதான்.

ஆண் கோபப்பட்டால் ரோஷக்காரன் என்கிறார்கள். நான் கோபப்பட்டால் வாயாடி, பஜாரி என்கிறார்கள். ஏன்?

இது உங்கள் தெருவில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 2008-இல் ப்ரெஸ்கால், ஊல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வேலையிடத்தில் கோபப்படும் ஆணுக்கு மதிப்பு கூடுவதும் அதே கோபத்தைக் காட்டும் பெண்ணுக்கு மதிப்பு குறைவதும் தெரியவந்தது. ஆணின் கோபத்துக்குக் காரணம் வெளியே இருப்பதாகவும், பெண்ணின் கோபத்துக்குக் காரணம் அவள் குணமே என்றும் பார்ப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே பேச ஆரம்பிக்கும்போதே காரணத்தை முன்னால் வையுங்கள். "எனக்குக் கோபம் வருகிறது" என்று தொடங்காமல், "மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, அதனால் கோபமாக வந்திருக்கிறேன்" என்று தொடங்குங்கள். அதற்குமேலும் பஜாரி என்பவர் சொல்லிக்கொள்ளட்டும்.

பெண்கள் கோபப்பட்டு உண்மையில் எதுவாவது மாறியிருக்கிறதா?

பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண் சேர்ந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்ததால் படித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராக உட்கார்ந்து, சிறுமிகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். தடைச் சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். ஏறத்தாழ இருபது வருடங்கள் அவர் அந்த ஒரு விஷயத்தை விடவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அப்படித்தான் அவருக்குள் இருந்தது. அவர் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் திறக்கப்பட்டது.

தெலுங்கு நாட்டில் நெல்லூர் மாவட்டத்து துபகுண்டா கிராமத்தில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை ஒன்றைப் பாடமாக வைத்திருந்தார்கள். அதைப் படித்த பெண்கள், இது நம் கதை என்று சொல்லி 1992-இல் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது ஊர் ஊராகப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற சில வருடங்களில் ஓர் அரசின் கொள்கையை மாற்றியிருக்கிறார்கள்.

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 2015 செப்டம்பரில் 20 சதவீதமாக இருந்த போனஸை 10 ஆகக் குறைத்தபோது ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்து உட்கார்ந்தார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை; தங்கள் பெயரால் பேசிவிட்டு நிர்வாகத்தோடு கைகுலுக்கியவர்கள் மீதும் அவர்களுக்குக் கோபம் இருந்தது. ஒன்பது நாள் கழித்து 20 சதவீதத்துக்கு நிகரான தொகையை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். "பெம்பிளை ஒருமை" (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்படி வந்தது.

அதெல்லாம் வெளியூர். நம் செட்டிநாட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்?

கணவர் முத்துவடுகநாதரைக் காளையார்கோவிலில் 1772-இல் கம்பெனிப் படை கொன்ற பிறகு, விருப்பாட்சியில் தங்கிப் படை சேர்த்து 1780-இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரை எல்லோரும் சொல்வார்கள். நான் அதிகம் பேசப்படாதவர்களைச் சொல்லவே விரும்புகிறேன்.

1930-களில் காரைக்குடியிலிருந்து "மாதர் மறுமணம்" என்று ஓர் இதழ் வந்தது. கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஓர் இதழ்! சொ. முருகப்பாவும் மரகதவல்லியும் அதற்குப் பின்னால் இருந்தார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு. சிறுவயதிலேயே தாலியிழந்து வீட்டின் இரண்டாம் கட்டில் ஒடுங்கிக் கிடந்த பெண்கள் எத்தனையோ வீடுகளில் இருந்தார்கள். அந்த வீடுகளின் வாசலுக்கே தபாலில் போய்ச் சேரும்படி முருகப்பாவும் மரகதவல்லியும் எழுதினார்கள். எத்தனை ஏச்சு கேட்டிருப்பார்கள்!

அடுத்தது நான் கண்ணால் பார்த்தது. 1991, 92-இல் அறிவொளி வகுப்புகளோடு சைக்கிள் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்போது சைக்கிள் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போய், நடுவில் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு போவார்கள். வழிநெடுகக் கேலி. எனக்குத் தெரிந்த ஒரு பெண், "தினம் நான்கு மைல் நடந்து தேய்ந்த காலைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, இப்போது மட்டும் சிரிக்கிறார்கள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அதே ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன.

புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் தொடங்கிய பெண்கள் ஜமாத்தையும் சொல்ல வேண்டும். தலாக், வரதட்சணை வழக்குகளைத் தீர்க்கும் ஜமாத்தில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்க, வழக்குக்குரிய பெண் உள்ளே போய்ப் பேச முடியாது என்பதே அவர்களின் கோபம். அவர்கள் தனியாகவே ஒரு ஜமாத்தைக் கூட்டினார்கள்.

ஆச்சிமார்தான் அந்தக் காலத்தில் வீட்டையே ஆண்டார்களே? அவர்களுக்கு என்ன குறை?

ஆண்டார்கள் என்பது பொய்யில்லை. ஆண்கள் மூன்று வருடக் கணக்குக்கு அக்கரை போய்விட, நெல்லும் நிலமும் கல்யாணமும் காரியமும் ஆச்சிமார் கையில்தான் ஓடின. கல்யாணமானதும் வேறு வைத்து, ஒவ்வொரு மருமகளுக்கும் தனி அடுப்பும் தனி வரவுசெலவும் கொடுக்கும் பழக்கம் செட்டிநாட்டு வணிகக் குடியான நகரத்தாரிடம் உண்டு. கடைப் பேரேடுகளில் ஆச்சிமார் பணம் என்று தனி வகையே இருந்தது. சீதனமாக வந்த பெண்களின் பணம் அங்கே முதலாக நின்று வட்டி ஈட்டியது.

ஆனால் அந்தப் பேரேட்டை எழுதியது யார்? பெட்டியடியில் உட்கார்ந்தது யார்? நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களிலும் குடும்பங்களைப் புள்ளிக் கணக்கில் எண்ணுவார்கள். மணமான ஆண் ஒரு புள்ளி. துணையை இழந்தவரை அரைப்புள்ளியாக எண்ணும் வழக்கமும் உண்டு. அரைப்புள்ளி என்ற சொல்லை ஒரு ஆச்சி என்னிடம் விளக்கியபோது அவர் விரலை மடித்துக் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்பது வயதில், அறுபது வருடத்துக் கோபத்தை அந்த ஒரு விரலில் காட்டினார்.

பெரிய வீட்டு ஆச்சியின் கோபத்தை மட்டும் பேசினால் போதாது. அந்த முற்றத்தைப் பெருக்கியவர்கள், அடுப்படியில் வெந்தவர்கள், ஆத்தங்குடிக் கல் பதிக்க மணல் சுமந்தவர்கள் எந்தப் பேரேட்டிலும் இல்லை. அவர்கள் அரைப்புள்ளியாகக்கூட எண்ணப்படவில்லை.

கோபத்தைக் கணக்கில் ஏற்று என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அப்படியென்றால்?

இதற்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு அடுப்படியில் வேலை பார்த்தார். எழுதத் தெரியாது. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் அடுப்படிச் சுவரின் மூலையில் ஒரு கரிக்கோடு போடுவார். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை சொல்லும் நாள்களும் அந்தக் கோடுகளும் ஒத்துப்போனதே இல்லை; கணக்குப்பிள்ளையின் கணக்கு எப்போதும் நான்கைந்து நாள் குறைவாகவே இருக்கும். விடுபட்டதை எல்லாம் சேர்த்துத் தை பிறந்ததும் கேட்கலாம் என்று அம்மா கோடுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். அந்த வருடம் அந்த வீட்டில் கல்யாணம் வந்தது. வீடு முழுவதும் வெள்ளையடித்தார்கள். ஏழு மாதக் கோடுகளும் ஒரே காலையில் மறைந்துபோயின. அம்மா போய்க் கேட்டதற்கு, "சுவரில் எழுதினால் சுவரோடுதான் போகும்" என்று பதில் வந்தது.

அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை, அழவும் இல்லை. மறுநாள் எனக்கு ஒரு நோட்டு வாங்கி வந்தார். எனக்கு அப்போது பத்து வயது. "இனிமேல் நீ எழுது" என்றார். அடுத்த மாதம் கணக்குப்பிள்ளை 22 நாள் என்றபோது அம்மா நோட்டைப் பிரித்து 27 என்று காட்டினார். 27 நாளுக்கும் கூலி வந்தது. போன ஏழு மாதத்து நிலுவை வரவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

ஆகவே நோட்டு வையுங்கள். தேதி போடுங்கள். என்ன நடந்தது, யார் சொன்னது, பக்கத்தில் யார் இருந்தார்கள், எவ்வளவு பணம், நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று நடந்தபடியே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள், அல்லது கைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். செட்டிநாட்டில் மாதக் கடைசியில் ஐந்தொகை (வரவுசெலவு இருப்புக் கணக்கு) எடுப்பார்கள் அல்லவா, அதுபோல நான்கைந்து பெண்கள் தங்கள் நோட்டுகளோடு ஒன்றாக உட்காருங்கள். ஒரே பெயரும் ஒரே தொகையும் எல்லா நோட்டிலும் வருவதைப் பார்க்கும்போது, என் தலையெழுத்து என்று நினைத்திருந்தது ஊர்ப் பிரச்சினை என்று தெரிந்துவிடும்.

பிறகு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனுவுக்கு ஒப்புகை ரசீது வாங்காமல் வராதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபைக்குப் பத்துப் பெண்களாகப் போங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில், மனு என்ன ஆனது என்று கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

துணிக்கடையில் வேலை செய்கிறேன். பத்து மணி நேரம் நிற்கிறேன். கோபம் வருகிறது, ஆனால் வேலை போய்விடுமே?

கோழிக்கோட்டுத் துணிக்கடைகளில் நின்ற பெண்களும் இதே பயத்தோடுதான் இருந்தார்கள். உட்காரவும் கழிப்பறைக்குப் போகவும் உரிமை கேட்டு அவர்கள் தொடங்கிய போராட்டத்தால் கேரளத்தில் 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒருவராகக் கேட்காதீர்கள். மாடிக்கு மாடி பேசி, எல்லோருமாக எழுதிக் கொடுங்கள். மாதம் இரண்டானாலும் நாற்காலி வராவிட்டால் தொழிலாளர் துறைக்குப் புகார் போகட்டும்.

மேலாளர் பாலியல் தொந்தரவு கொடுத்தால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. பத்துப் பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவான ஆட்கள் என்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் தேதி முக்கியம். இந்த 2013-ஆம் வருடச் சட்டத்துக்கு வேர், ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுத்ததற்காக வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவி என்ற கிராம ஊழியரின் வழக்கு. அதையொட்டித்தான் உச்ச நீதிமன்றம் 1997-இல் விசாகா நெறிமுறைகளைத் தந்தது.

பிறந்த வீட்டில் பங்கு கேட்டால் அண்ணன் தம்பி உறவு முறிந்துவிடும் என்கிறார்கள். விட்டுக்கொடுத்துவிடவா?

விடுவதும் கேட்பதும் உங்கள் முடிவு. என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்தது; அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் மணமானவர்கள் மட்டும் விடுபட்டார்கள். 2005-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது மணமான மகள், மணமாகாத மகள் என்ற வேறுபாடு நீங்கியது. 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் அதைக் கலைக்க முடியாது. இது இந்து வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

நம் பக்கம் பூர்வீக வளவு வீடுகளை ஆண்பிள்ளைகள் வகையறாவாகவே பங்கிட்டுப் பழகிவிட்டார்கள். சீர் கொடுத்தாயிற்று, இனி என்ன என்று கேட்பார்கள். பங்காளிகள் கூடியிருக்கும் நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு, "சும்மா ஒரு கையெழுத்து" என்று, பங்கு வேண்டாம் என எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். அந்த இடத்தில் கத்தவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். "படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணே" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புங்கள். முறிகிற உறவு அந்த ஒரு வாக்கியத்தில் முறியுமானால், உங்கள் கையெழுத்துக்காக மட்டும் நின்ற உறவு அது.

கண்ணகி மாதிரி எல்லாவற்றையும் எரித்துவிடலாமா என்று தோன்றுகிறது.

எனக்கும் தோன்றியதுண்டு. கண்ணகி வணிகக் குடிப் பெண். நகரத்தாரும் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்றே சொல்வார்கள். ஆகவே இந்த மண்ணில் அவள் அயலாள் இல்லை. எல்லோரும் தீயைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவள் செய்ததைப் பாருங்கள். கையில் மிச்சமிருந்த சிலம்போடு சபைக்குப் போனாள். என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து என்று அரசனையே சொல்ல வைத்தாள். பிறகு உடைத்துக் காட்டினாள். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

கோபம் உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

உள்ளேயே போட்டுப் புழுங்கினாலும் கெடுதல், தினமும் வெடித்தாலும் கெடுதல். இரண்டாலும் ரத்தக் கொதிப்பு ஏறும். எழுதிவைத்த அன்று தூக்கம் வருகிறது என்று பல பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.

என் கோபம் பெரும்பாலும் மாமியார் மேல்தான். இதுவும் சமூக மாற்றமா?

அவரிடம் ஒருநாள், அவர் மருமகளாக வந்தபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, இருவரும் கோபப்பட வேண்டிய ஆள் யார் என்று யோசியுங்கள். எல்லா வீட்டிலும் இது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை.

கணவர் அடிக்கிறார். கோபத்தைக் காட்டினால் இன்னும் அடி விழும். அப்போதும் பேசத்தான் வேண்டுமா?

வேண்டாம். அந்த நேரத்தில் உயிர்தான் முக்கியம். கோபத்தை அவரிடம் காட்டத் தேவையில்லை, 181 என்ற எண்ணில் சொல்லுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள். உடனே போலீஸ் வேண்டுமென்றால் 112. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் நீங்கள் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நடுராத்திரியில் வெளியே தள்ள முடியாது. நோட்டை வீட்டில் வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். காயத்தோடு மருத்துவமனைக்குப் போனால், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு பொய் சீட்டில் ஏறிவிட்டால் பிறகு அழிப்பது கடினம்.

நான் ஆண். என் மகள் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறாள். என்ன செய்வது?

எதற்கெடுத்தாலும் என்பதை முதலில் விடுங்கள் ஐயா. எதற்கு என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவள் தம்பிக்கு உள்ள அனுமதி அவளுக்கு இல்லை என்பதாக இருந்தால், அன்றைக்கே சரிசெய்ய உங்களால் முடியும்.

எத்தனை நாள்தான் கோபமாகவே இருப்பது? களைத்துப்போகிறது.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரம் தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊரையே சூறையாடினார்கள். அந்தப் பெண்கள் முகங்களை மறக்கவில்லை. அடையாள அணிவகுப்பில் நின்று கைகாட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது; அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடங்கள். அதற்கிடையில் அவர்கள் விதைத்தார்கள், அறுத்தார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். விசாரணை நாள் வரும்போது பஸ் ஏறினார்கள்.

என் அம்மாவும் தினமும் கோபமாக இருந்தவர் இல்லை. நன்றாகச் சிரிப்பார். கடைசி வருடங்களில் கண் மங்கிய பிறகு எப்போதாவது அந்தப் பழைய நோட்டை எடுத்து வரச் சொல்வார். நான் முதல் பக்கத்திலிருந்து தேதி தேதியாக வாசிப்பேன். ஏழு மாதம் என்று நான் தனியாகக் குறித்து வைத்திருக்கும் பக்கம் வந்ததும், "அதற்கு நேரே வரவு போட்டுவிடாதே" என்பார். இன்றுவரை போடவில்லை.